கடைசி நான்கு நிமிடங்கள்

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பன்னிரண்டு ஆண்டுகளாக மாணவியர் கபடி அணியைப் பயிற்றுவிக்கிறேன். பயிற்சியில் அபாரமாக ஆடும் பிள்ளைகள், போட்டி முடியும் நேரத்தில் கைகால் கட்டப்பட்டவர்களைப் போல் ஆகிவிடுகிறார்கள். அண்மையில் ஓர் அரையிறுதியில் ஆறு புள்ளி முன்னிலையைக் கடைசி நான்கு நிமிடத்தில் பறிகொடுத்தோம். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்துவதுதான் காரணம் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். கத்தாவிட்டால் இவர்கள் அசையவே மாட்டார்கள் என்பது என் அனுபவம். என் மகனும் இப்போதெல்லாம் மதிப்பெண் பட்டியலை அவன் அப்பாவிடம்தான் முதலில் காட்டுகிறான். இவர்களுக்கு மனவலிமை ஊட்டுவது எப்படி?

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, உங்கள் அனுபவமும் பொய்யில்லை, சக ஆசிரியர் சொல்வதும் பொய்யில்லை. 1908ஆம் ஆண்டில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், இரண்டு பெட்டிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க எலிகளைப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி கிடைக்கும். பெட்டிகளின் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்றல் பின்தங்கியது. எலிகளையும் உங்கள் மாணவிகளையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைக்க உங்கள் அதட்டல் உதவுகிறது. எதிரணியின் மூலையில் நிற்பவள் காலைப் பிடிக்கப் பாய்வாளா, பின்வாங்குவாளா என்று ஒரு நொடியில் கணிக்க வேண்டிய பிள்ளைக்கு அதே அதட்டல் சுமையாகிவிடுகிறது.

அதிலும் கபடியின் அமைப்பே தனி. எதிரணிப் பக்கம் புகுந்து தொட்டுத் திரும்பும் ரெய்டுக்குப் போகிறவளுக்கு 30 விநாடி. மூச்சு முழுவதும் ‘கபடி, கபடி’ என்ற பாடலுக்குப் போய்விடுகிறது. ஏழு பேருக்கு எதிரே அவள் ஒருத்திதான். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் எந்த அறிவுரையையும் அவளால் கேட்டு, புரிந்து, செயல்படுத்த முடியாது. அவளுக்கு எட்டுவதெல்லாம் உங்கள் குரலில் இருக்கும் பதற்றம் மட்டுமே. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, அவுட் ஆகி வெளியே வந்து உட்காரும் பிள்ளைகளைத்தான். போட்டியின் போது அவர்களிடம் என்ன பேசுகிறீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். செய்த தவற்றை அங்கேயே சுட்டிக்காட்டுவது பெரும்பாலான பயிற்சியாளர்களின் வழக்கம். உங்களுக்கும் அப்படியிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் எதிரணியில் ஒருத்தியை அணி அவுட் ஆக்கியதும், அவுட் ஆன வரிசைப்படி அந்தப் பிள்ளைதான் மீண்டும் உள்ளே போகிறாள். ஒரு நிமிடத்துக்கு முன் வாங்கிய திட்டு அவள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இனி அவள் எதிராளியின் காலைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் காலையே கவனிக்கிறாள். ஆயிரம் முறை செய்து உடம்போடு ஒட்டிப்போன பிடியை, ‘சரியாகச் செய்கிறேனா’ என்று யோசித்துக்கொண்டே செய்ய முயலும்போது அது சிதறிவிடும். அழுத்தத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தடுமாறுவதற்கு உளவியல் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று. முன்னிலையில் இருக்கும் அணிக்கு இழப்பதற்கு ஏதோ இருப்பதால், இந்தத் தடுமாற்றம் கடைசி நிமிடங்களில் கூடுதலாகத் தெரிகிறது.

ஆகவே, மனவலிமையைத் தனியாக ஊட்ட வேண்டிய மருந்தாக நினைக்காமல், பயிற்சியின் பகுதியாகவே ஆக்குங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது, முழு ஆட்டத்துக்குப் பதிலாகக் கடைசி நான்கு நிமிடத்தை மட்டும் ஆடவிடுங்கள். புள்ளி 24–20, களத்தில் நால்வர்தான் நிற்கிறார்கள், இரண்டு ரெய்டு காலியாகப் போய்விட்டது, அடுத்தது டூ ஆர் டை (புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டுக்குப் போனவள் அவுட்), இங்கிருந்து தொடங்கட்டும். அதன்பின், ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்ந்து காட்டிய ஒரு முறையைக் கையாளலாம். ‘நன்றாக ஆடுவேன்’ என்ற பொதுவான உறுதியைக் காட்டிலும், ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது செயலில் கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பது அவர் கண்டது. ‘நான் அவுட் ஆனால், உட்கார்ந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, எதிரணியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன்’ என்பது போன்ற வாக்கியத்தை ஒவ்வொரு மாணவியும் தன் சொந்தச் சொல்லில் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு கட்டளையாகிவிடும். டைம் அவுட் எடுக்கும்போது முதலில் அணித்தலைவி பேசட்டும், பிறகு நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். தவறுகளைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் பயிற்சியில் எடுத்துக்கொள்ளலாம். கண்டிப்பைக் கைவிடச் சொல்லவில்லை, அதன் நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.

முன்னிலை பறிபோவது உலகத்தரத்திலும் நடக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில், நம் குகேஷ் 11ஆம் ஆட்டத்தை வென்று 6–5 என்று முந்தினார். அடுத்த ஆட்டத்திலேயே, அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனிடம் தோற்று, எல்லாம் சமநிலைக்குத் திரும்பியது. ஆனாலும் 14ஆம் ஆட்டத்தை வென்று 18 வயதில் பட்டத்தைப் பெற்றார். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடன் பணியாற்றிய பேடி அப்டன்தான் குகேஷுக்கும் மனப் பயிற்சியாளராக இருந்தார். இதை வைத்து, ஓர் உளவியல் நிபுணரை அமர்த்தினால் கோப்பை வந்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் சிலர் அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு உவப்பானதல்ல. தோல்விக்கு அடுத்த நாளை எப்படிக் கழிப்பது என்பதும் பழகித் தேற வேண்டிய ஒன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

மகனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்; கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி அதுதான். மதிப்பெண் பட்டியலை உங்களிடம் நீட்டும் நாளில் முதல் ஐந்து நிமிடம் எண்களைப் பற்றிப் பேசாமல், எந்தக் கேள்வி கடினமாக இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரே முறையில் பலன் தெரியாது.

இன்னொன்று. அடுத்த போட்டியின் கடைசி நான்கு நிமிடமும் ஆட்டத்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் கைபேசியில் படம்பிடிக்குமாறு, உங்களைக் குறை சொன்ன அந்தச் சக ஆசிரியரிடமே கேளுங்கள். வீட்டுக்குப் போனதும், முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பார்த்தபின் எனக்கு எழுதுங்கள்.