பழைய இலக்கியத்தில் மதம் வந்தால் வகுப்பில் என்ன செய்வது? கேள்வி பதில்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளியில் பல காலம் தமிழ் இலக்கியம் சொல்லித் தந்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். பதில்கள் என் சொந்தக் கருத்து.

கேள்வி (புதிய ஆசிரியை): ஐயா, வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். எதற்கு வம்பு, குறளில் கடவுள் வாழ்த்தை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம்மா, அங்கேதான் நல்ல சண்டையே இருக்கிறது. ‘மலர்மிசை ஏகினான்’, அதாவது மலர்மேல் சென்றவன், யார்? சமணர்கள் தாங்கள் வணங்கும் அருகன் என்பார்கள். குறளுக்குப் பழைய உரை எழுதிய பரிமேலழகரோ அன்பர்களின் உள்ளத் தாமரைக்கு விரைந்து வருகிறவன் என்று உரை எழுதிவிட்டு, இதை வேறு கடவுளுக்கு ஏற்றிச் சொல்பவர்களும் உண்டு என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். இரண்டையும் பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் வாதாடட்டும். தீர்ப்புச் சொல்வது மட்டும் நம் வேலை இல்லை.

கேள்வி (ஒரு தாயார்): சார், நாங்கள் முஸ்லிம். மகள் பௌத்தக் காப்பியமான மணிமேகலை படிக்கிறாள். பௌத்தத்தைப் போதிப்பதுபோல் ஆகாதா?

பதில்: ஆகாதும்மா. இங்கே 1984இல் உயர்நிலையில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாகக் கொண்டுவந்து, அந்தக் கட்டாயத்தை விலக்குவதாக 1989இல் அறிவித்தார்கள். அது சமயத்தையே படிக்கும் பாடம். இலக்கிய வகுப்பில் கேட்பது, மாதவியின் மகள் ஏன் துறவியானாள், அமுதசுரபியோடு ஏன் பசித்தவர்களைத் தேடிப் போனாள் என்று. புத்தர் சொன்ன அறத்தை ஒளித்துவைத்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. சைவரான உ.வே.சாமிநாதையர் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார், அதற்காக மதம் மாறிவிடவில்லையே. (உமறுப்புலவர் பெயரில் இங்கே தமிழ்மொழி நிலையமே இருக்கிறது, நபிகளின் வரலாறு பாடும் அவருடைய சீறாப்புராணத்தில் ஒரு பாட்டாவது நம் இந்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பதுதான் என் கவலை.)

கேள்வி (துணைப்பாட ஆசிரியர்): சங்கப் பாடல்களோடு நிறுத்திக்கொண்டால் மதப் பிரச்சினையே வராது, சரிதானே?

பதில்: சங்க நூலான பத்துப்பாட்டில் முதல் பாட்டே முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படை!

கேள்வி (தொடக்கக் கல்லூரி மாணவர்): எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தேவாரத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: தம்பி, உன் நம்பிக்கையை யாரும் கேட்கவில்லை. அப்பரின் ‘மாசில் வீணையும்’ எடுத்துக்கொள். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று காதுக்கும் கண்ணுக்கும் உடம்புக்கும் இதமானதை எல்லாம் அடுக்கிவிட்டு, ஈசன் அடிநிழல் அப்படி இருக்கிறது என்று முடிக்கிறார். சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டபோது பாடியது என்பது மரபு. அந்தச் சூட்டை நினைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு குளிர்ச்சியும் ஏன் வருகிறது என்று தெரியும். இதை எழுத பக்தி வேண்டாம். ஆனால் ஈசன் வரும் கடைசி அடியைக் கழற்றிவிட்டு ‘இயற்கை வருணனை’ என்று எழுதினால், நான் திருத்தினால் பாதி மதிப்பெண்தான்.