குற்றம் செய்தவரும் அடுத்த புதன்கிழமை வருவார் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் லுத்தரன் ஆலயத்தின் மாதர் சங்கத்தில் நெடுங்காலமாக இருக்கிறேன். புதன்கிழமை மாலைகளில் வேத வாசிப்பும் ஜெபமும் முடிந்த பிறகு, அறுப்பின் பண்டிகை விற்பனைக்காகக் குரோஷா விரிப்புகளும் ஒயர் கூடைகளும் பின்னுவோம். தானே புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தபோது சங்கத்துத் தோழி ஒருவர், அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் துப்பறியும் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். அன்றிலிருந்து அவ்வகைக் கதைகளை நான் விடவில்லை. சிறிய ஊர், தையலோ சமையலோ கைவந்த ஒரு பெண், இரத்தத்தைக் கண்ணில் காட்டாத ஒரு கொலை, கடைசியில் தெளிவான விடை.

இப்போது நானே ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். பண்டிகை ஏலத்தன்று சங்கத்தின் பொருளாளர் ஆலயத்தின் பின்னறையில் இறந்து கிடக்கிறார். மாற்றலாகிப் புதிதாக வந்த ஐயரம்மா (போதகரின் மனைவி) துப்புத் துலக்குகிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள், "இங்கிலாந்தில் நடப்பதை அப்படியே தூக்கிக் கடலூரில் வைத்திருக்கிறீர்கள் அம்மா" என்கிறாள். எனக்கு உறுத்துவது வேறு. ஜெபக் குறிப்பாகச் சங்கத்தில் சொல்லப்பட்ட சில குடும்பக் காரியங்கள் கதைக்குள் வந்துவிட்டன. பெயர்களை மாற்றிவிட்டேன், அது போதுமா? சேர்ந்து ஜெபிக்கும் பெண்களைச் சந்தேகத்துக்கு உரியவர்களாக எழுதுவதே தவறா?

வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் வைத்த கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை காணாமல் மற்றவற்றைப் பேசுவதில் பொருளில்லை. பெயர்களை மாற்றியது போதாது. ஜெபக் குறிப்பாகக் கேட்டவை எதுவும் அந்தக் கதையில் இருக்கக் கூடாது. ஊரையும் கணவரின் வேலையையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினாலும், அதைச் சொன்ன பெண் ஒரு பத்தியைப் படித்ததுமே அது தன்னுடையது என்று அறிந்துகொள்வார். அதன்பின் அவர் உங்கள் நடுவில் எதையும் மனம் திறந்து ஜெபத்துக்கு வைக்க மாட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் "குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நல்ல கதைக்காகக்கூட அந்த இழப்பை ஏற்க முடியாது.

நான் புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்கள் பங்கு ஆலயங்களில் மரியாயின் சேனை என்ற அமைப்பு உண்டு. 1921இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் இருவர் இருவராகச் சென்று நோயுற்றவர்களையும் தனித்திருப்பவர்களையும் சந்தித்து, அடுத்த வாரக் கூட்டத்தில் அதைப் பற்றி அறிக்கை சொல்ல வேண்டும். அவர்களுக்கென விதிக்கப்பட்ட கடமைகள் நான்கு: தவறாமல் கூட்டத்துக்கு வந்து அறிக்கை தருவது, அன்றாடச் செபம், உருப்படியான ஒரு பணி, நான்காவதாக, கூட்டத்தில் பேசப்பட்டவற்றையும் பணியின்போது அறிந்தவற்றையும் முற்றிலும் இரகசியமாகக் காப்பது. ஒரு வீட்டுக்குள் அன்போடு அனுமதிக்கப்படுகிறவர், தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரையிலிருந்து அடுக்களையை விட்டு வெளியே வராத மருமகள் வரை எத்தனையோ காண்கிறார். விசாரணைக்கு வரும் அதிகாரியின் கண்ணில் படாதது அவர் கண்ணில் படும். அந்த அறிவு நம்பிக்கையின் பேரில் கிடைத்தது என்பதால்தான் அந்த நான்காவது கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் சங்கத்துப் பெண்களைப் பற்றி எழுதவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாம், அவர்களில் ஒருவரைக் குற்றவாளியாக்கவும் செய்யலாம். ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1910இல் எழுதத் தொடங்கிய, கத்தோலிக்கக் குரு ஒருவர் துப்பறியும் பிரவுன் சாமியார் கதைகளின் முதல் கதையிலேயே இதற்கு வழி இருக்கிறது. மனிதர்களின் உண்மையான பாவங்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு மனிதத் தீமையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்குமா என்பதே அங்கே அந்தச் சாமியார் சொல்வதன் சாரம். பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் சொன்னதை அவர் வெளியிடுவதில்லை. பலரையும் கேட்டுக் கேட்டு மனிதர் எப்படிப்பட்டவர் என்று அறிந்ததையே பயன்படுத்துகிறார். உங்களுக்கும் அந்த எல்லை போதும். இத்தனை ஆண்டுகள் பெண்களின் நடுவே அமர்ந்து பெற்ற மனித அறிவு உங்களுடையது. ஒருவர் கண்ணீரோடு சொன்ன செய்தி அவருடையது.

உங்கள் மகள் சொன்னதில் பாதிதான் சரி. மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றிய சிறுகதை 1927 டிசம்பரில் வெளிவந்தது. அதில் வாரம் ஒருமுறை கூடும் சிலர், ஆளுக்கொரு புதிரைச் சொல்லி விடை தேட முடிவுசெய்கிறார்கள். மூலையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருக்கும் முதிய பெண்மணியை அவர்கள் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை, விடையைச் சொல்வது அவர்தான். 1930இல் வந்த முதல் மார்ப்பிள் நாவலில் கொலை நடப்பது குருவானவரின் வீட்டு வாசிப்பறையில். வாரக் கூட்டம், பின்னல், ஆலயம் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே இருந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் கடலூருக்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஒருவர் வழக்கமாக வரும் நேரம், அமரும் இடம், பாடும் சுருதி ஆகியவை மற்ற அனைவருக்கும் தெரிந்திருப்பதும், சிறிய மாற்றம்கூட உடனே தென்படுவதும்தான் இவ்வகைக் கதைக்கு வேண்டிய நிலம். அது உங்கள் சங்கத்தில் நிறையவே இருக்கிறது.

மகள் சரியாகச் சொன்ன பாதி, அந்தக் கொலை. பொருளாளர் இறந்து கிடந்த நொடியிலிருந்து கதை உங்கள் பெண்களின் கையை விட்டுப் போய்விடும். காவல் துறை வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும், பத்திரிகையாளர்கள் வாசலில் நிற்பார்கள். சங்கத்துப் பெண்கள் தங்கள் கதையிலேயே வேடிக்கை பார்க்கிறவர்களாகிவிடுவார்கள். ஆகவே பொருளாளரை உயிரோடு விட்டுவிடுங்கள். சங்கத்துப் பணத்தில் ஒரு தொகை குறையட்டும். ஒரு பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கென்று பின்னி விற்றுச் சேர்த்த பணம் குறைந்தால், எந்தச் சடலமும் ஏற்படுத்தாத கலக்கம் அந்தச் சிறு வட்டத்தில் ஏற்படும். அதை வெளியே சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

ஐயரம்மாவைத் துப்பறிபவராக வைத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு எல்லோரும் நல்ல முகத்தையே காட்டுவார்கள். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார் என்பதால் ஊரின் பழைய கணக்குகளும் அவருக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டி, தேநீர் டம்ளர்களைக் கழுவி, மிச்சமான நூலைப் பிரித்து வைக்கும் பெண் ஒருவர் உங்கள் சங்கத்தில் நிச்சயம் இருப்பார். அவரிடம் கதையைக் கொடுங்கள்.

இனி, தடயங்கள். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி நகரின் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பணி செய்தவர். அவருடைய கதைகளில் நஞ்சு அவ்வளவு துல்லியமாக வருவதற்கு அந்த வேலையே காரணம். உங்களுக்குத் தெரிந்தது நூலும் ஒயரும். உங்கள் வரைவில் குரோஷா வெறும் அலங்காரமாக ஓரத்தில் இருக்கிறது என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. ஊசியைப் பிடித்தறியாத ஒருவரும் அப்படி எழுதிவிடலாம். பின்னுகிறவருக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதுங்கள். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே மாதிரி என்றாலும், இறுக்கி இழுக்கும் கையும் தளர விடும் கையும் வேறு வேறு விரிப்புகளைத் தரும்; பழகியவர்கள் தொட்டுப் பார்த்தே இது யாருடைய கை என்று சொல்லிவிடுவார்கள். வட்ட விரிப்பில் வலக்கைக்காரரின் வரிசைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும் இடக்கைக்காரரின் வரிசைகள் முள் செல்லும் திசையிலும் சுற்றும். நூல் கண்டில் நிற எண் ஒன்றாகவே இருந்தாலும் சாயத் தொகுதி மாறினால் நிறம் சற்று வேறுபடும். கடையில் தெரியாது, விரிப்பாகி வெயிலில் விரியும்போது தெரியும். புதுச்சேரிப் பக்கம் வந்தால் ரோமன் ரோலன் வீதியில் கிளூனி சபைக் கன்னியரின் எம்பிராய்டரி கூடத்துக்குச் சென்று பாருங்கள். வேலை தெரிந்தவர்கள் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். எங்கே நூல் தாவியது, எங்கே அவசரம் வந்தது, எங்கே வேறொருவர் தொடர்ந்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இவை அனைத்தையும் விட உங்கள் கதைக்குப் பொருந்துவது ஒயர் கூடை. ஒருமுறை முடிச்சுப் போட்டுப் பிரித்த ஒயர் மறுபடி நேராகாது. மடிப்புத் தடம் அதிலேயே நின்றுவிடும். சிவன் கண் என்ற முடிச்சுப் போட்ட கூடை ஒன்று விற்பனைக்கு வருகிறது. பின்னல் குறையில்லாமல் இருக்கிறது. ஆனால் அதன் கைப்பிடியில், அந்த முடிச்சுக்குச் சம்பந்தமில்லாத பழைய வளைவுகள் தெரிகின்றன. புதிய ஒயர் ரோல் வாங்க, அதைப் பின்னியவருக்குச் சங்கம் பணம் கொடுத்திருக்கிறது; அவரோ தன் வீட்டில் புழங்கிய கூடையைப் பிரித்து, கழுவி, அந்த ஒயரிலேயே பின்னிக் கொண்டுவந்திருக்கிறார். பாய் சுருட்டும் பெண் இதைப் பார்த்ததும் இரண்டு காரியங்களை ஒன்றாக உணர்கிறார்: பணம் எங்கே போயிற்று என்பதையும், அந்த வீட்டில் நெருக்கடி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பதையும். குற்றத்தையும் துன்பத்தையும் ஒரே தடயம் காட்டிக்கொடுப்பதை நீங்கள் எழுத வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இங்கிருந்துதான் உங்கள் கதை நீங்கள் படித்த கதைகளிலிருந்து பிரிந்து போக வேண்டும். அவற்றில் பலவற்றில் துப்பறிபவர் எல்லோரையும் ஒரு கூடத்தில் அமர வைத்து உண்மையைச் சொல்கிறார். குற்றவாளி காவலரோடு போய்விடுகிறார், ஊர் நிம்மதியடைகிறது. உங்கள் சங்கத்தில் அப்படி யாரும் வெளியேறுவதில்லை. பணத்தை எடுத்த பெண் அடுத்த புதன்கிழமையும் அதே பாயில் வந்து அமர்வார். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு அதே வரிசையில் முழங்காற்படியிடுவார். அவருடைய மகளும் உங்கள் மகளும் ஒரே ஓய்வுநாள் பள்ளியில் படித்திருப்பார்கள். இவரை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் நம் ஊர்க் கதை தொடங்குகிறது. பணத்தை எடுத்தவர் யார் என்பது கதையின் நடுவிலேயே வாசகருக்குத் தெரிந்துவிட்டாலும் பாதகமில்லை.

இதற்கான வழிமுறையை நீங்கள் சிறுவயது முதல் மனப்பாடமாக அறிவீர்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேளாவிட்டால் இன்னும் ஓரிருவரை உடன் அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். துப்பறியும் கதையின் கடைசிக் கூட்டத்துக்கு இது நேர் எதிரான வரிசை. அங்கே அனைவர் முன்னிலையில் நடப்பது, இங்கே எல்லா வழிகளும் தீர்ந்த பிறகே நடக்கிறது. பாய் சுருட்டும் பெண் ஒரு பிற்பகலில் தனியாக அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதையும், உள்ளே என்ன பேசப்பட்டது என்பதையும், பேச்சு பயன்படாமல் போனால் இரண்டாம் முறை உடன் வர யாரைத் தேர்ந்தெடுக்கிறார், ஏன் அவரை என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டாமவரைத் தேர்ந்தெடுப்பதில் சங்கத்தின் நட்புகளும் பழைய மனத்தாங்கல்களும் முழுவதுமாக வெளிப்பட்டுவிடும். கணக்கைச் சரிசெய்யும் பொறுப்புள்ள பொருளாளரிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது இதைவிடவும் கடினமானது. மூடி மறைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அது ஒரு பிள்ளையின் படிப்புக்கான பணம், திரும்பி வந்தாக வேண்டும். அந்தப் பெண்ணை இழக்காமல் அந்தப் பணத்தை மீட்க முடியுமா என்பதே வாசகரைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுசெல்லட்டும்.

தோழிகளிடம் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதினார். பிற்காலத்தில் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ஒருவருடைய தொடக்கம் அப்படி இருந்தது. நீங்களும் தனியாக எழுதி முடித்து அச்சில் கொடுத்து அவர்களைத் திகைக்க வைக்க வேண்டாம். ஜெபக் குறிப்பாகக் கேட்டவற்றை முழுவதும் நீக்கிய பிறகு, உங்களுக்கு முதல் மார்ப்பிள் கதையைக் கொடுத்த அந்தத் தோழியிடம் கூடை பின்னும்போதே கதையைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் இப்படிப் பேசமாட்டாள் என்று அவர் எங்கே நிறுத்துகிறாரோ, அங்கே திருத்துங்கள். யாரைக் குறித்தாவது அவர் முகம் மாறினால், அந்தப் பகுதியைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

முதல் அத்தியாயத்தைத் திருத்துவதில் இப்போது நேரம் செலவிட வேண்டாம். கதவைத் தட்டும் அத்தியாயத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். தொகை எவ்வளவு, அதைத் திருப்பித் தர அந்த வீட்டில் என்ன வழி இருக்கிறது என்பதையும் முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள். அது தெரியாமல் அந்த இருவரும் பேச முடியாது.