மின் ஓட்டோ 80 கிலோமீற்றரிலிருந்து 55க்கு இறங்கினால்

பிள்ளைகளை ஏற்றும் உங்கள் மின் ஓட்டோ ஒரு முழுச் சார்ஜில் 80 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 55தான் ஓடுகிறது, பற்றரியை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். பற்றரியை இப்போதைக்கு மாற்றாதீர்கள். பிரேக் சூ (சில்லின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பட்டை) புதிதாகப் போட்ட கிழமையிலிருந்துதான் ஓட்டம் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பற்றரி ஒரே கிழமையில் அப்படி விழுவது அரிது. பின் பிரேக் பிடிக்காதபோதும் உரசுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

காற்றடிக்காத காலையில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஆள் ஏற்றாமல் சில கிலோமீற்றர் ஓடுங்கள். கடைசியில் பிரேக் பிடிக்காமல் உருளவிட்டு நிறுத்துங்கள். உடனே இறங்கி, இரண்டு பின் சில்லின் டிரம்முக்கும் கிட்டப் புறங்கையைப் பிடியுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம் ரயர் காற்றையும் பாருங்கள். ஓட்டோ ஓடும் வேகத்தில் காற்று குறைந்த ரயர் சார்ஜை நிறையவே தின்னும்.

கிரவல் ஒழுங்கையில் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது வேகப் பிடியை முழுதாக முறுக்கவும் வேண்டாம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் மோட்டார்ச் சுருளில் சூடு நான்கு மடங்காகும். அவ்வளவும் வீணாகும் சார்ஜ்.

ஓட்டம் கூடட்டும் என்று பிரேக்கை அளவுக்கு மேல் தளர்த்திவிடாதீர்கள், பிள்ளைகளை ஏற்றும் வண்டி. டிரம் இரண்டும் குளிராக இருந்தால் மட்டும் பற்றரியைத் தெரிந்தவரிடம் அளக்கக் கொடுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.