தம்ப்னெயில் ஒரு கலர், பேனர் ஒரு கலர்: பென்னாகரம் டீமுக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். பென்னாகரம் பக்கம் நாங்க நாலு பசங்க சேர்ந்து போன வருஷம் ஒகேனக்கல்ல ஒரு பாட்டு எடுத்து விட்டோம். வீடியோ நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஆனா தம்ப்னெயில் ஒரு ஃப்ரெண்டு பண்ணான், போஸ்டர் இன்னொருத்தன், பேனர் ஃப்ளெக்ஸ் கடைக்காரரே டிசைன் பண்ணிட்டாரு, பாத்தா மூணும் மூணு பாட்டு மாதிரி இருந்துச்சு. அடுத்த பாட்டு கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புல வேலை செய்யற ஒரு ஜோடி பத்தி. டிசைனருக்குன்னு தனியா பெருசா காசு இல்ல. எல்லாம் ஒரே லுக்ல வர என்ன பண்ணணும்?

பதில்: தம்பி, நீங்க அனுப்புன படம் எல்லாத்தையும் பாத்தேன். மூணு பேர் டிசைன் பண்ணது பிரச்சனையே இல்ல, மூணு பேர் கையிலயும் பொதுவா ஒரு பொருள் குடுக்கல, அதான் பிரச்சனை. போஸ்டர்ல ஊதா கலர், பேனர்ல தங்க கலர் த்ரீடி எழுத்து, வீடியோல பாத்தா ஊதாவும் இல்ல தங்கமும் இல்ல. அந்தக் கலர் எங்கிருந்து வந்துச்சுன்னு அந்தப் பசங்களையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. அதனால ஷூட்டிங் முடிஞ்சப்புறம் உக்காந்து "லுக்" தேடாதீங்க, கேமரா எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

முதல்ல கலர். மூணு போதும். மாம்பழப் பாட்டுன்னதும் எல்லாரும் மஞ்சளுக்குத்தான் ஓடுவாங்க, நான் வேணாம்னு சொல்வேன், ஜூஸ் விளம்பரம் பூராவும் அந்த மஞ்சள்தான். அதுவும் கிருஷ்ணகிரி பக்கம் நிறைய தோப்புல பெங்களூரா ரகம்தான், கூழ் ஃபேக்டரிக்குப் போற காய், மரத்துல பாதி நேரம் பச்சையாத்தான் தொங்கும். ஒரு தடவை சந்தூர் பக்கமோ காவேரிப்பட்டணம் பக்கமோ போய் தோப்புல சும்மா ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. மாங்கொழுந்து விடும்போது பச்சையா வராது, செம்பு கலர்ல பளபளன்னு வரும், அதை எந்த ஜூஸ் கம்பெனியும் இன்னும் தொடல. அந்த செம்பை மெயினா வைங்க, முத்துன இலையோட கரும்பச்சை ரெண்டாவது, எழுத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஒரு மங்கல் வெள்ளை. நம்பரா வேணும்னா செம்புக்கு 180, 83, 42, பச்சைக்கு 38, 66, 40, வெள்ளைக்கு 240, 228, 205 ன்னு ஆர்ஜிபில, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் கலக்கற அளவுல ஆரம்பிச்சு, உங்க ஃபுட்டேஜ் வந்தப்புறம் கொஞ்சம் தட்டிக்குங்க.

இந்தக் கலர் போஸ்டர்ல மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல, வீடியோக்குள்ள இருக்கணும். ஹீரோ தலையில கட்டற துண்டு செம்பு கலர், ஹீரோயினுக்கு அதே கலர்ல ஜாக்கெட்டோ வளையலோ, அவ்வளவுதான், மத்த எல்லாரும் வெள்ளை, சாம்பல், காக்கி. தோப்புல நீலக் கலர் பிளாஸ்டிக் கிரேட் அடுக்கி வச்சிருப்பாங்க, அதை ஃப்ரேமுக்கு வெளிய தள்ளுங்க, முடியலன்னா மேல கோணிச் சாக்கு போட்டு மூடுங்க. பின்னாடி நிக்கற ஒருத்தர் ஃப்ளோரசன்ட் டீசர்ட் போட்டிருந்தா அந்த ஷாட்டுல கண்ணு வேற எங்கயும் போகாது. எடிட்ல கலரைச் சரி பண்றதுக்குத்தான் கலர் கிரேடிங்னு பேரு, காஸ்ட்யூம்தான் தம்பி சீப்பான கலர் கிரேடிங்.

அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்துலயும் வெள்ளை வெள்ளையாவே தெரிய கேமராவுல வைக்கற செட்டிங். இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க, உங்க போன பாட்டுல முகம் ஒரு ஷாட்ல மஞ்சளா அடுத்த ஷாட்ல நீலமா இருந்ததுக்குக் காரணம் இதுதான். ஆட்டோ மோட்ல விட்டா கேமரா நிழலுக்குள்ள ஒண்ணு, வெயில்ல ஒண்ணுன்னு தானா மாத்திக்கிட்டே இருக்கும். மாந்தோப்பு இன்னும் மோசம், அடர்த்தியான இலை வழியா வர்ற வெளிச்சம் பச்சை அடிக்கும், முகம் எல்லாம் காய்ச்சல் வந்தவன் மாதிரி ஆயிடும். வெயில்ல 5600 கெல்வின்ல லாக் பண்ணுங்க, நிழல்ல 6500, 7000 ன்னு ஒண்ணு வச்சு அந்த சீன் முடியற வரைக்கும் தொடாதீங்க. முகத்துப் பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் பிடிச்சு வெளிய இருக்கற வெயிலைத் திருப்பி அடிங்க, பாதி பச்சை போயிடும். கூடவே ஒரே சீனை ரெண்டு மாசம் இடைவெளி விட்டு எடுக்காதீங்க. ஒகேனக்கல்ல பாத்திருப்பீங்களே, தண்ணி கம்மியா ஓடும்போது ஒரு கலர், வெள்ளம் வந்தா செம்மண் கரைச்ச கலர், அதை ரெண்டையும் ஒட்ட வைக்க எந்த எடிட்டராலயும் ஆகாது. எடிட் முடிஞ்சதும் கிரேடிங்கை ஒரு லட் (LUT) ஃபைலா, அதாவது அந்தக் கலர் மாத்தத்தை அப்படியே சேத்து வைக்கற ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வாங்கிக்குங்க, போட்டோவுக்கும் ரீல்ஸுக்கும் அதையே போடலாம்.

போஸ்டர் படம் வீடியோல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கற பழக்கத்தை விடுங்க. ஃபோர்கே ஃப்ரேம்னா 3840க்கு 2160, எட்டு மெகாபிக்சல் வரும், சைஸ் பத்தாதுன்னு இல்ல. ஆனா செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுக்கும்போது ஷட்டர் பொதுவா 1/50 செகண்ட்ல இருக்கும், அதுல ஆடற கை, பறக்கற முடி எல்லாம் இழுத்துக்கிட்டுதான் நிக்கும், ஓடும்போது அழகு, நிறுத்திப் பாத்தா மொழுக்குன்னு இருக்கும். அதே இடம், அதே டிரஸ், அதே வெளிச்சத்துல டேக் ஓகே ஆனதும் அஞ்சு நிமிஷம் ஆளை நிக்க வச்சு 1/250க்கு மேல ஸ்டில் எடுங்க. ஒரு போஸை மூணு விதமா எடுக்கணும், கேமராவைப் படுக்கையா வச்சு ஒண்ணு, நிமித்தி வச்சு ஒண்ணு, தலைக்கு மேல நிறைய காலி இடம் விட்டு ஒண்ணு, எழுத்து அங்கதான் உக்காரும். கையில தொரட்டிக் கோல் குடுங்க, நீளமா இருக்கும், எந்த சைஸ் போஸ்டர்லயும் ஒரு கோடு மாதிரி குறுக்கப் போகும், பேர் படிக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பாட்டுதான்னு தெரிஞ்சிடும்.

டைட்டில் எழுத்து. இதுக்குக் கொஞ்சம் காசு ஒதுக்குங்க, என்னைக் கேட்டா மோஷன் போஸ்டருக்கு (அசையற போஸ்டர்) குடுக்கற காசை இதுக்குத் திருப்பலாம். உங்க ஊர்ப் பக்கம் செவுத்து விளம்பரம், கடை போர்டு கையால எழுதற ஆளுங்க இன்னும் இருக்காங்க, ஒருத்தரைப் பிடிச்சு வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு மையில பெருசா நாலஞ்சு விதமா எழுதித் தரச் சொல்லுங்க. ஸ்கேன் பண்ணி வெக்டர், அதாவது எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத கோடு ஆக்கிட்டா தம்ப்னெயில்ல இருந்து பத்தடி பேனர் வரைக்கும் அதே எழுத்துதான். ஆள் கிடைக்கலன்னா கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கட்டமரான், மீரா இனிமை, பவனம், கவிவனார் எல்லாம் இருக்கு, ஒண்ணை எடுத்து அதுலயே நில்லுங்க. பேர் சின்னதா வைங்க. போன்ல தம்ப்னெயில் கட்டை விரல் அளவுதான் தெரியும், அந்த சைஸுக்குச் சுருக்கி புள்ளி தெரியுதான்னு பாருங்க, "மண்ணு" ன்னு எழுதிப் புள்ளி காணாமப்போனா "மணணு" தான். போட்டோஷாப்ல "கொ" அடிச்சா கொம்பு தனியா கால் தனியா உடைஞ்சு நிக்குதுன்னா டைப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி லேஅவுட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்துங்க, சரியாயிடும்.

சைஸ் விஷயம் சுருக்கமா சொல்றேன். யூடியூப் தம்ப்னெயில் 1280க்கு 720, கீழ வலது மூலையில வீடியோ நேரம் வந்து உக்காரும், அங்க எழுத்து வேணாம். ரீல்ஸ், ஷார்ட்ஸ் 1080க்கு 1920, வீடியோ ஃபோர்கேல எடுத்திருந்தா நட்டக்குத்தல வெட்டினாலும் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும், ஃபுல் எச்டில எடுத்தா 607 தான், அதான் ஃபோர்கேல எடுங்கன்றது. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புக்குப் போற கவர் சதுரம், 3000க்கு 3000, அதுல உங்க இன்ஸ்டா ஐடி, லிங்க் எதுவும் போடக்கூடாது, திருப்பி அனுப்பிடுவாங்க.

கடைசியா ஃப்ளெக்ஸ், உங்க கதை கெட்டதே இங்கதான். போன்ல பாக்கற கலர் ஆர்ஜிபி, கடை மெஷின்ல ஓடறது சிஎம்ஒய்கே இங்க், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. செம்பு பெருசா மாறாது, ஆனா அந்தக் கரும்பச்சை கிட்டத்தட்ட கறுப்பாத்தான் விழும், அதனால பேனருக்குன்னு பச்சையைக் கொஞ்சம் தூக்கி, படத்தையும் வெளிச்சமாக்கி தனி ஃபைல் வைங்க. கடைல "டைட்டில் சொல்லுங்க, நான் அடிச்சுக்கறேன்" ம்பாங்க, விடாதீங்க, அவங்க பழைய ஃபான்ட்ல அவங்களுக்குப் பிடிச்ச ஸ்டைல்ல அடிச்சிடுவாங்க, உங்க எழுத்து போச்சு. எழுத்து எல்லாத்தையும் கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் இல்லாமலே நிக்கற வடிவமா மாத்தி பிடிஎஃப்பா குடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினா போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க. 24 மெகாபிக்சல் ஸ்டில் பத்தடிக்கு ஆறடி பேனருக்குத் தாராளமா போதும், ரோட்டுல போறவங்க தூரத்துல இருந்துதான் பாக்கறாங்க. முழுசா ஓட்டறதுக்கு முன்னாடி முகமும் டைட்டிலும் வர்ற இடத்தை ஒரு சதுரடி மட்டும் அடிச்சுக் காட்டச் சொல்லி, வெளிய வெயில்ல எடுத்துப் போய்ப் பாருங்க.

இது எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போடுங்க, கலர் நம்பர், டைட்டில் ஃபைல், ரெண்டு மெயின் ஸ்டில், பேரெல்லாம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் என்ன ஸ்பெல்லிங்னு. போன தடவை உங்க டீம் பேரையே மூணு இடத்துல மூணு விதமா எழுதியிருந்தீங்க. நாலு பேர்ல ஒருத்தர் மட்டும் ஓகே சொன்னாத்தான் வெளிய போகணும், அது யாருன்னு இப்பவே பேசிடுங்க, ரிலீஸுக்கு முந்துன நாள் ராத்திரி பேசினா சண்டைதான் வரும்.

இன்னொண்ணு. தர்மபுரி நாலு ரோட்டுல பேனர் வைக்கறதுன்னா பர்மிஷன் வாங்கிட்டு வைங்க. கீழ வரிசையா இருபது ஃப்ரெண்ட்ஸ் முகத்தை வட்டம் வட்டமா வெட்டிப் போடச் சொல்லிக் கண்டிப்பா வந்து நிப்பாங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியாதுன்னும் சொல்ல முடியாது, நம்ம ஊர்ப் பசங்க. அவங்களுக்குன்னு தனியா ஒரு சின்ன பேனர் போடுங்க, அதே செம்பு, அதே எழுத்து. மெயின் பேனர்ல கை வைக்க விடாதீங்க.