எச்.ஓ. ரயில் பலகைக்கு எந்தக் கப்பல் பொருந்தும்?

கேள்வி: 8 அடிக்கு இரண்டரை அடி பலகையில் எச்.ஓ. (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு) ரயில் மாதிரி அமைத்து வருகிறேன். வாலாஜா ரோட்டிலிருந்து தோல் கட்டு, அரிசி மூட்டை ஏற்றி வரும் கூட்ஸ் வண்டி சென்னைத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற காட்சி. நீராவி இன்ஜின் காலம். முன்பக்கம் 3 அடி நீளம், 9 அங்குல அகலம் கப்பலுக்கு விட்டிருக்கிறேன். 1:350 லிபர்ட்டி (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க வகை) சரக்குக் கப்பல் கிட் (துண்டுகளை ஒட்டிச் செய்வது), 1:108 இழுவைப் படகு கிட் இரண்டும் என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: இந்த இடத்துக்கு இரண்டுமே வேண்டாம். காட்சி மட்டும் பிரமாதம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஓடியதே உங்கள் வாலாஜா ரோடு வரைக்கும்தான்.

லிபர்ட்டி கப்பலின் நிஜ நீளம் சுமார் 134.5 மீட்டர். 1:350இல் அது 38 செ.மீ. எச்.ஓ. என்பது 1:87, அதில் 14 மீட்டர் வேகன் ஒன்றே 16 செ.மீ. வந்துவிடும். இரண்டரை வேகன் நீளத்தில் ஒரு கடல் கப்பல்! பின்சுவர் ஓவியத்துக்கு முன்னால், தொலைவில் நங்கூரமிட்டு நிற்பதாகக் காட்டலாம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொம்மைதான். அதே கப்பலை 1:87இல் செய்தால் 155 செ.மீ. வரும், உங்கள் 3 அடிக்குள் அடங்காது.

இழுவைப் படகு அளவில் நெருங்கி வருகிறது, ஆனால் கதவில் மாட்டிக்கொள்ளும். 2 மீட்டர் உயரக் கதவு 1:108இல் 18.5 மி.மீ. எச்.ஓ. மனிதன் 19.5 மி.மீ. கதவைவிட ஆள் உயரம். பார்க்கிறவர்கள் கப்பலின் நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. கதவு, ஏணி, கைப்பிடிக் கம்பி இவற்றை ஆளோடு ஒப்பிட்டுத்தான் கண் தீர்ப்புச் சொல்கிறது. அதனால் 1:76 முதல் 1:96 வரை எச்.ஓ.வுடன் ஒத்துப்போகும். 1:96இல் அதே கதவு 21 மி.மீ.; ஆள் நுழைந்துவிடுவான். பெட்டியில் ஸ்கேல் எழுதாமல் நீளம் மட்டும் போட்டிருந்தால், கைப்பிடிக் கம்பியின் உயரத்தைக் கேளுங்கள். எச்.ஓ.வுக்கு அது 11–12 மி.மீ. இருக்க வேண்டும்.

நீங்கள் தேட வேண்டியது கோஸ்டர் வகை, அதாவது கரையோரமாக ஓடும் சிறு சரக்குக் கப்பல். 50 முதல் 65 மீட்டர் நீளமுள்ளது 1:87இல் 57–75 செ.மீ. ஆகும், 9 மீட்டர் அகலம் 10 செ.மீ. சொச்சம். உங்கள் 3 அடியில் முன்னும் பின்னும் கயிறு கட்ட இடம் மிஞ்சும். நீராவிக் காலம் என்பதால் தளத்தில் சரக்குத் தூக்கும் டெரிக் கம்பங்கள் இருக்கும் மாதிரியாகப் பாருங்கள். கன்டெய்னர் அடுக்கிய கப்பல் வேண்டாம். சென்னையில் தனி கன்டெய்னர் முனையம் வந்ததே 1983இல்தான்.

நீர்மட்டத்தோடு அடி வெட்டப்பட்ட 'வாட்டர்லைன்' கிட் கிடைத்தால் முதல் தேர்வு அதுவே. நெதர்லாந்தின் ஆர்டிடெக் போன்றவர்கள் எச்.ஓ.வுக்கென்றே ரெசினில் (அச்சில் வார்க்கும் பிசின்) செய்கிறார்கள். விலையோடு தபால் கட்டணம், சுங்க வரி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

முழு அடியோடு வரும் பிளாஸ்டிக் கிட் என்றால் வெட்ட வேண்டும். வெட்டும் முன்பே உள்ளே குறுக்குச் சட்டங்கள் நாலைந்து ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெட்டியதும் பக்கச் சுவர்கள் உள்வாங்கும், மேல்தளம் உட்காராது. கப்பலை ஆடாமல் மட்டமாக நிறுத்தி, ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கட்டிச் சுற்றிவர நகர்த்தினால் கோடு விழும். கத்தியால் அதே கோட்டில் பல முறை கீறி, பிறகு ஆக்ஸா பிளேடால் அறுங்கள். கண்ணாடி மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்தால் அடி சமமாகும்.

பலரும் கோட்டை விடுவது உயரத்தில். தண்டவாளமும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருந்தால் கப்பல் கட்டடம்போல எழும்பி நிற்கும். தண்ணீர் துறைமேடைக்குக் கீழே 3.5 மீட்டர் என்று வையுங்கள், எச்.ஓ.வில் 4 செ.மீ. தண்டவாளப் பகுதியை அந்த அளவு தூக்குங்கள். தெர்மாகோல் வைத்துத் தூக்கினால் அதன்மேல் பிளாஸ்டிக் பசையோ ஸ்ப்ரே பெயின்டோ படக்கூடாது, அரித்துவிடும். சரக்கு நிறைந்த கப்பல் தாழ்ந்தும், காலிக் கப்பல் சிவப்பு அடி தெரிய உயர்ந்தும் நிற்கும். உங்கள் காட்சியில் சரக்கு ஏறத் தொடங்குகிறது. ஆகவே கொஞ்சம் சிவப்பு தெரியட்டும்.

அந்தச் சிவப்புக்காக வேலூர் லாங் பஜாரில் ரெட் ஆக்சைடு பெயின்ட் வாங்கி நேராகப் பூசிவிடாதீர்கள். அதோடு கலக்கும் என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அக்ரிலிக் போதும். ரெசினை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சு எண்ணெய் இருந்தால் பெயின்ட் உரியும். ரெசினுக்கு பிளாஸ்டிக் பசை பிடிக்காது. அரால்டைட் அல்லது ஃபெவிக்விக். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால், ஏனென்றால் ஃபெவிக்விக் ஆவி வெள்ளைப் படலம் போடும்.

வேலூர் மே மாத வெயிலை நினைவில் வையுங்கள். தகரக் கூரை அறையில் ரெசின் கப்பல் வளையும். வளைந்தால் கை பொறுக்காத சூட்டு நீரில் சில நிமிடம் வைத்து, கண்ணாடி மேல் எடை வைத்து ஆறவிடுங்கள்.

தண்ணீருக்கு எபாக்சி ஊற்ற ஆசை வரும். தடிமனாக ஊற்றினால் இறுகும்போது சூடாகும், பிளாஸ்டிக் கப்பலை நெளிக்கும். பிளைவுட்டில் பச்சை கலந்த சாம்பல் பூசி (நீலம் நீச்சல் குளத்துக்கு), பளபளப்பு அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் தட்டித் தட்டி அலை எழுப்புங்கள்.

மேடை விளிம்பிலிருந்து தண்டவாள நடுக்கோடு 4 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அங்கே வளைவு இருந்தால், உங்களிடம் உள்ள மிக நீளமான இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு மேடை விளிம்பை வெட்டுங்கள். கப்பலை ஒட்டவே வேண்டாம். தண்டவாளம் துடைக்க ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கட்டுக் கயிறுகளின் கரைப்பக்க முனையைக் கொக்கியில் மாட்டும் கண்ணியாக முடிச்சிடுங்கள்.