அப்பாவின் நாணயங்களோடு சிங்கப்பூர் போகலாமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். வயது 41. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த நாணயங்கள் என்னிடம் இருக்கின்றன. சிங்கப்பூரில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். சோழர் செப்புக்காசு நான்கும், விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் கொஞ்சமும் எடுத்துப்போய், நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். தம்பிக்கு இதில் ஈடுபாடு இல்லாததால் அவனிடம் சொல்லவில்லை. காசுகளைக் கைப்பையில் வைப்பதா, பெட்டியில் வைப்பதா?

பதில்: கைப்பையா பெட்டியா என்பதைக் கடைசியில் பார்க்கலாம், சகோதரி. தம்பியைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். ஈடுபாடு இல்லையென்றால் பங்கும் இல்லையா? அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி எல்லோருக்கும் அதில் சம உரிமை. அந்தக் காசுகள் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன, அவ்வளவுதான். அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நிலம் விற்பதென்றால் இப்படிச் சொல்லாமல் விற்பீர்களா? கேட்காமல் எடுத்தது ஒரு நாள் தெரியவரும். அன்றைக்கு தம்பி காசின் விலையைக் கேட்கமாட்டார், ‘என்னிடம் ஏன் சொல்லவில்லை’ என்றுதான் கேட்பார்.

அவரிடம் பேசியிருந்தால், இந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவே கூடாது என்பதை யாராவது ஒருவர் விசாரித்துச் சொல்லியிருப்பார். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது ஆன நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. முயற்சி செய்தாலே குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, அபராதம். காசும் பறிமுதலாகும். ‘அப்பா சேர்த்தது’ என்ற விளக்கம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது.

சோழர் காசில் சந்தேகமே வேண்டாம். விக்டோரியா ரூபாய் 1901-ஓடு முடிந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்தான் பலரையும் ஏமாற்றும். தாத்தா காலத்துக் காசுதானே என்று நினைப்பார்கள். ஆனால் புழக்கத்துக்கு வந்தவை 1911 முதல் 1922 வரையிலானவை, எல்லாமே நூறு தாண்டிவிட்டன. மிஞ்சுவது ஆறாம் ஜார்ஜ் மட்டும். அதிலும் 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி, விலையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆண்டு தேய்ந்து படிக்க முடியாத காசு எதுவானாலும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்காமல் எடுக்காதீர்கள்.

மற்றவற்றைப் படமாகக் கொண்டுபோங்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி இரு பக்கமும் எடுத்து, எடையும் விட்டமும் குறித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களின் எடை 11.66 கிராம். தேய்மானத்துக்கு மேல் கணிசமாகக் குறைந்தால் போலியோ என்று சந்தேகிக்கலாம். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பாதி விலை அங்கேயே போய்விடும்.

ஆறாம் ஜார்ஜ் காசுகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறும். அட்டை உறையில் ஸ்டேப்ளர் ஊசி அடித்திருந்தால் முனையை நன்றாக மடக்குங்கள், இல்லையேல் பக்கத்துக் காசைக் கீறும். மொத்தமாகக் கட்டினால் ஸ்கேனரில் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும், பையைப் பிரிக்கச் சொல்வார்கள். விற்காமல் திரும்பக் கொண்டுவரும் காசுகளுக்காக, கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் பட்டியலைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். அது இல்லாவிட்டால் திரும்பும்போது வரி கேட்கலாம். சிங்கப்பூரில் விற்பனைப் பொருளுக்குப் பயணிச் சலுகை கிடையாது, 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விசா வாங்கினால் மட்டும் போதாது, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அம்மாவையும் உட்காரவைத்து, ஒவ்வொரு காசையும் மேஜையில் வைத்து, மூன்று பேரும் சேர்ந்து பட்டியல் எழுதுங்கள். எதை விற்கலாம், எது யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அதிலேயே குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். தம்பி வர மறுத்தால் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘சரி அக்கா’ என்று பதில் வந்த பிறகு பெட்டியை எடுத்து வையுங்கள்.