மகளுக்கு மெயின்பிரேம் கொடுத்துவிட்டார்களே என்று கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் சார். பயிற்சி முடிந்ததும் மகளை மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) சிஸ்டம்ஸ் டீமில் போட்டுவிட்டார்கள், இது பழைய தொழில்நுட்பம் ஆயிற்றே என்று எழுதியிருந்தீர்கள். இன்றைய மெயின்பிரேம்களின் மூதாதையான ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தது 1964-இல்தான். ஆனால் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்று நம்பியிருக்கும் இசட்/ஓஎஸ் என்ற மெயின்பிரேம் இயங்குதளம் ரொம்பவே வளர்ந்துவிட்டது. அவசரப்பட்டு வேலையை விடச் சொல்லாதீர்கள்.

ஷேர்டு ஃபைல் சிஸ்டம் (பல சிஸ்டங்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புத் தொகுப்பு) தலையில் ஏறவில்லை என்று மகள் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடத்தை மட்டும் அவர் விட்டுவிடக் கூடாது. இதை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

1994-இல் வந்த பேரலல் சிஸ்ப்ளெக்ஸ் என்ற கூட்டமைப்பில் 32 இசட்/ஓஎஸ் சிஸ்டம் வரை ஒன்றாகச் சேர்ந்து இயங்கலாம். இசட்/ஓஎஸ்-க்குள்ளேயே யூனிக்ஸ் (இன்னொரு வகை இயங்குதளம்) பகுதியும் உண்டு. ஜாவா நிரல்களின் கோப்புகள் அங்கேதான் இருக்கும். ஷேரிங் போட்டுவிட்டால், ஒரு சிஸ்டத்தில் மவுண்ட் செய்த (பயன்பாட்டுக்கு இணைத்த) ஃபைல் சிஸ்டம் மற்ற எல்லாவற்றிலும் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஓனர், அதாவது அதை நிர்வகிப்பது, ஒரே ஒரு சிஸ்டம்தான். எழுதும் வசதியோடு மவுண்ட் செய்திருந்தால், முன்பெல்லாம் மற்ற சிஸ்டங்கள் ஒவ்வொரு வேலையையும் ஓனருக்கு அனுப்பித்தான் முடிக்க வேண்டும். இதனால் வேகம் குறையும். இப்போது இசட்எஃப்எஸ் வகை ஃபைல் சிஸ்டத்தை ஆர்டபிள்யூஷேர் என்ற பகிர்வு விருப்பத்தோடு மவுண்ட் செய்தால், கோப்பின் உள்ளடக்கத்தை எந்த சிஸ்டமும் நேரடியாகவே டிஸ்கில் படிக்கலாம், எழுதலாம். புதுக் கோப்பு உருவாக்குவது, பெயர் மாற்றுவது போன்றவை மட்டும் இன்னும் ஓனர் வழியாகத்தான் போகும்.

சரி, ஓனர் சிஸ்டமே விழுந்துவிட்டால்? நேர்முகத் தேர்வில் கேட்கத் தகுந்த கேள்வி இது. மவுண்ட் செய்யும்போது ஆட்டோமூவ் என்று கொடுத்திருந்தால் இன்னொரு சிஸ்டம் ஓனராகிவிடும், வேலை தொடரும். நோஆட்டோமூவ் என்றால் பழைய ஓனர் திரும்பும்வரை அந்தக் கோப்புகள் கிடைக்காது. அன்மவுண்ட் என்றால் கழற்றிவிடப்படும். ஒரு சிஸ்டத்துக்கே உரிய இடிசி (அமைப்புக் கோப்புகள்), டெம்ப் (தற்காலிகக் கோப்புகள்) போன்றவற்றுக்கு அதுதான் சரி. எல்லோருக்கும் பொதுவான சிஸ்ப்ளெக்ஸ் ரூட்டுக்கு (மற்ற ஃபைல் சிஸ்டங்கள் இணையும் மூல அடைவு) ஆட்டோமூவ்தான் வேண்டும். எதற்கு எதை, ஏன் கொடுக்கிறோம் என்று விளக்கத் தெரிந்தவர் சிஸ்டம் புரோகிராமர். வெறுமனே டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) மூடுகிறவருக்கும் அவருக்கும் சம்பளத்திலும் மரியாதையிலும் பெரிய இடைவெளி இருக்கிறது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மாற்றங்களைப் பெரும்பாலும் வார இறுதி இரவுகளில்தான் செய்வார்கள். வேலை கொடுக்கும் நிறுவனங்களும் குறைவு. ஊர் மாறிப் போக மனம் வேண்டும். அதனால் ரெக்ஸ் (நிரல் மொழி), லினக்ஸ், ஆன்சிபிள் (வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் கருவி) மூன்றையும் கூடவே கற்றுக்கொள்வது நல்லது. ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளத்தில் இலவசமாகவே நிஜ மெயின்பிரேமில் பழகலாம், இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்புறம், டீமில் உள்ள சீனியரிடம் டெஸ்ட் சிஸ்ப்ளெக்ஸில் ஒரு ஃபைல் சிஸ்டத்தின் ஓனரை மாற்றிக் காட்டும்படி அவர் கேட்கட்டும். ஒரு வருடம் கழிந்தும் அப்படி எதையும் தொடவிடாமல் டிக்கெட் மட்டுமே கொடுத்தார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், டீம் மாறுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.